வயசைக் கேட்காதீங்க, புகையைப் பாருங்க

எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அக்கா மகன் கோயமுத்தூரில் இருந்து குடும்பத்தோட வந்திருந்தான். புதுசா வாங்கின பெரிய வண்டி. இட்டேரிக்குள்ள வந்தா ரெண்டு பக்கமும் கிளுவ முள்ளு கீறிடும்னு மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வந்தான். சாப்பிட்டுட்டு வெளியே கை கழுவும்போது, வேப்பமரத்தடியில் நின்ன என் இண்டிகா அவன் கண்ணுல பட்டுது.

"ஏனுங் மாமா, இதை இன்னுமா ஓட்டறீங்க? இருபது வருசம் தாண்டிருச்சே. டெல்லியில பண்ற மாதிரி இங்கயும் பழைய டீசல் வண்டியெல்லாம் புடிச்சு நசுக்கோணும். இதுக விடற புகையிலதான் காத்தே கெட்டுப் போச்சு."

நோம்பி அன்னைக்கு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகிட்ட வாதாடக் கூடாது. சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அவன் பேசின பேச்சைத்தான் இப்ப பல பேர் பேசறாங்க. இதைப் படிக்கிற உங்கள்லயும் பாதிப்பேர் அப்படித்தான் நினைப்பீங்க. அதனால அவனுக்குச் சொல்லாம விட்டதை இங்க எழுதறேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். மூணு ஏக்கர் முருங்கை, அறுபது தென்னை, ரெண்டு எருமை. எனக்குத் தெரிஞ்சது என் தோட்டமும் என் இன்ஜினும்தான். அதை வச்சே பேசறேன்.

முதல்ல வண்டி யாருன்னு சொல்லிடறேன். 2003 மாடல் இண்டிகா டீசல். 2009-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர்கிட்ட 1,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்ப மீட்டர்ல 88,000 கிலோமீட்டர். இப்ப ரெண்டு லட்சத்தைத் தொடப் போகுது. வருசத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுது. பின் சீட்டை மடக்கினா முருங்கைக்காய்க் கட்டு போடலாம். முன்னாடி ரெண்டு பேர் உட்கார்ந்து உழவர் சந்தைக்குப் போகலாம்.

இண்டிகா 1998 டிசம்பர்ல அறிமுகமாச்சு. டாடா கம்பெனி தானே வரைஞ்சு தானே செஞ்ச கார்னு அன்னைக்கு நாடே பேசுச்சு. அதுல இருந்த டீசல் இன்ஜின் 1405 சி.சி., நாலு சிலிண்டர். சிலிண்டர் வாய் 75 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 79.5 மில்லிமீட்டர். டர்போ கிடையாது. குதிரைத் திறன் 53 சொச்சம், இழுவை 85 நியூட்டன் மீட்டர். இன்னைக்கு ஒன்றரை லிட்டர் டீசல் கார் இன்ஜின்ல நூறு குதிரைக்கு மேல எடுக்கறாங்க. அந்தக் கணக்குல இது கிழட்டு மாடுதான். ஆனா கிழட்டு மாட்டுக்கும் ஒரு குணம் உண்டு. அதைச் சொன்னாத்தான் என் வாதம் உங்களுக்குப் புரியும்.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை மட்டும் உள்ளே இழுத்து, நசுக்கி, அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சி எரிய விடறதுதான் வித்தை. இந்த இன்ஜின்ல 22 பங்கு காத்து ஒரு பங்கு இடத்துக்குள்ள அடங்குது. அப்படி நசுக்கினா காத்தோட சூடு ஐநூறு டிகிரிக்கு மேல போகும். டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சாம, ஹெட்டுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன அறைக்குள்ள பீச்சுவாங்க. அங்க பத்தின தீ, சிறு வழியா வெளியே பாய்ஞ்சு பிஸ்டனைத் தள்ளும். இதனால சத்தம் கொஞ்சம் குறைவு, இன்ஜினுக்கு அடி குறைவு. ஆனா அந்தச் சின்ன அறையோட சுவர் சூட்டைத் தின்னுடும். அதனாலதான் காலையில ஸ்டார்ட் பண்ண ஹீட்டர் பிளக் வேணும். சாவியைத் திருப்பி, மீட்டர்ல சுருள் விளக்கு அணையற வரைக்கும் பொறுத்து, அப்புறம் அடிக்கணும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வண்டி ஆகாது.

புது டீசல் வண்டிகள்ல நாசிலுக்கு டீசல் போற அழுத்தம் ஆயிரத்து ஐநூறு பாருக்கு மேல. ஒரு துளி தண்ணி, ஒரு தூசி போனா இன்ஜெக்டர் செலவு பல ஆயிரம். இதுல நாசில் திறக்கறதே நூத்திச் சொச்சம் பார்தான். பம்ப் முழுக்க இரும்பு வேலை, கம்ப்யூட்டர் கிடையாது. கெட்டா தாராபுரத்துலயோ திருப்பூர்லயோ ஒரு பட்டறையில கழட்டி, பார்த்து, மாட்ட முடியும். எங்கப்பா வச்சிருந்த கிணத்து ஆயில் இன்ஜினுக்கு இது பேரன் மாதிரி. கரண்டு வராத காலத்துல ஹேண்டில் போட்டுச் சுத்தி அந்த ஆயில் இன்ஜினை ஓட விட்டுத்தான் எங்க காட்டுக்குத் தண்ணி பாஞ்சுது. பன்னிரண்டு வயசுலயே டீசல் லைன்ல ஏர் லாக் எடுக்கத் தெரியும் எனக்கு.

சரி, பெருமை போதும். இப்ப நான் செஞ்ச தப்பைச் சொல்றேன்.

எங்க போர் தண்ணி உப்பு. சொட்டு நீர்க் குழாயெல்லாம் ரெண்டு வருசத்துல வெள்ளை வெள்ளையா அடைச்சுக்கும். ஆசிட் விட்டுக் கழுவுவோம். அதே தண்ணியை நான் மூணு வருசம் ரேடியேட்டர்ல ஊத்தினேன். கூலன்ட் லிட்டர் விலையைக் கேட்டுட்டு, "தண்ணி தண்ணிதானே"ன்னு. குழாய் அடைக்கிற தண்ணி ரேடியேட்டரை அடைக்காதான்னு யோசிக்கத் தோணலை. 2012 சித்திரை வெயில்ல பழனி போற வழியில சூட்டு முள்ளு மேல ஏறுச்சு. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டினேன். ஹோஸ் வெடிச்சு, வெள்ளையா ஆவி. ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டும் வளைஞ்சு போச்சு. ஹெட்டைத் தேய்ச்சு மட்டம் பண்ணி, கேஸ்கட் மாத்தி எடுக்க 14,000 ரூபாய். அந்த வருசத்து முருங்கைக் காசுல பாதி அது. அந்த இன்ஜினுக்கு அப்ப வயசு ஒம்பது. அது வயசானதால சாகலை. நான் உப்புத் தண்ணி ஊத்தினதால சாகப் பார்த்துச்சு.

அன்னையில இருந்து ஒரு நோட்டு போட்டேன். பால் கணக்கு எழுதற நோட்டு மாதிரி. என்னைக்கு எந்தக் கிலோமீட்டர்ல என்ன செஞ்சேன்னு அதுல இருக்கும். சுருக்கமா சொல்றேன். பழைய டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க இதை மட்டும் செஞ்சாப் போதும், பாதி வியாதி வராது.

இன்ஜின் ஆயிலும் ஆயில் பில்டரும் ஒண்ணா மாத்தணும். ஆயிலை மாத்திட்டு பில்டரை விடறது, குளிச்சுட்டு அழுக்கு வேட்டியைக் கட்டற மாதிரி. டீசல் இன்ஜின் ஆயில் சீக்கிரம் கறுக்கும். கறுப்பா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், கரியை ஆயில் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். ஆனா காபியில பால் கலந்த நிறத்துல வந்தா அன்னைக்கே வண்டியை நிறுத்துங்க, தண்ணி கலந்திருக்கு.

ஏர் பில்டரைப் புத்தகத்துல போட்டிருக்கிற கணக்குக்குப் பாதியிலேயே பார்க்கணும். எங்க மண்ரோட்டுப் புழுதிக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. காத்து குறைஞ்சா டீசல் முழுசா எரியாது, கரும்புகை வரும்.

டீசல் பில்டர் அடியில ஒரு திருகு இருக்கும். மாசம் ஒருக்கா அதைத் தளர்த்தி, ஒரு டம்ளர்ல பிடிச்சுப் பார்க்கணும். அடியில தண்ணி நிக்கும். மழைக்காலத்துல நிச்சயமா நிக்கும். பம்ப் உள்ளே இருக்கிற இரும்புக்கு டீசல்தான் எண்ணெய். தண்ணி போனா துரு.

டைமிங் பெல்ட் முக்கியம். இந்த இன்ஜின்ல வால்வும் டீசல் பம்பும் ஒரே ரப்பர் பெல்ட்டுல சுத்துது. அது அறுந்தா பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் வண்டியை எடைக்குத்தான் போடணும். எங்க மேஸ்திரி கணக்கு 60,000 கிலோமீட்டர் இல்லேன்னா நாலு வருசம், எது முந்துதோ அது. என்னை மாதிரி கம்மியா ஓட்டறவங்க கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வண்டி சும்மா நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட்டோட டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்தே மாத்தணும்.

பிரேக் விசயம் ஒண்ணு. டீசல் இன்ஜின் உறிஞ்சற காத்தை நெரிக்கிறது இல்லை. அதனால பிரேக்குக்கு வேணும்கிற வாக்குவம் தானா வராது. ஆல்டர்னேட்டர் வால்ல ஒரு சின்னப் பம்ப் வச்சு அதை உண்டாக்கறாங்க. அந்தப் பம்புக்கு ஆயில் போற டியூப் கசிஞ்சா முதல்ல ஆயில் குறையும், அப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆகும். பானெட்டைத் திறக்கிறப்பெல்லாம் அந்த இடத்தை விரலால தடவிப் பாருங்க.

கடைசியா நாசில். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வெக்கமா இருக்கும்.

2016-ல் ஒரு நாள் பள்ளிக்கூடம் விடற நேரத்துல பஞ்சாயத்துப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போனேன். வண்டி கொஞ்ச நாளாவே மேட்டுல ஏறும்போது கறுப்பா துப்பிட்டுத்தான் இருந்துச்சு. "டீசல் வண்டின்னா அப்படித்தான்"னு விட்டுட்டேன். வேகத்தடை தாண்டி ஆக்சிலேட்டரை மிதிச்சேன். கண்ணாடியில பார்த்தா ரெண்டாவது மூணாவது படிக்கிற குழந்தைக, பாவாடை நுனியை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குதுக. ஒண்ணு இருமுது. அது எங்க தெருப் பிள்ளை. என்னைப் பார்த்தா "தாத்தா"ன்னு ஓடி வர்ற பிள்ளை.

அடுத்த நாளே நாலு நாசிலையும் கழட்டி பட்டறைக்குக் கொண்டு போனேன். மேஸ்திரி சோதனை மேசையில மாட்டி அடிச்சுக் காட்டினார். ஒண்ணு மட்டும் பூவா தூவுச்சு. ரெண்டு, குழந்தை ஒண்ணுக்குப் போற மாதிரி ஒழுகுச்சு. ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல. ஒழுகற டீசல் எரியாது, கரியாகி வெளியே போகும். நாசில் முனை மாத்தி, அழுத்தம் சரி பண்ணி, பம்ப் நேரத்தையும் சரி பார்த்து மாட்டினோம். அதுக்கப்புறம் மேடு ஏறும்போது பின்னாடி பார்த்தா ஆகாசம் தெரிஞ்சுது. லிட்டருக்கு பதினாலு கொடுத்த வண்டி பதினேழு கொடுத்துச்சு. அதாவது அத்தனை நாள் என் காசைத்தான் நான் கரியாக்கி அந்தப் பிள்ளைக மூஞ்சியில ஊதிட்டிருந்தேன்.

புகை பேசும். கறுப்பா வந்தா டீசல் அதிகம், இல்ல காத்து குறைவு. காலையில வெள்ளையா வந்து கண்ணு எரிஞ்சா ஹீட்டர் பிளக் செத்திருக்கு, டீசல் பத்தாம வெளியே வருது. சூடான பிறகும் வெள்ளையா வந்து, கூலன்ட்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும். நீலமா வந்தா ஆயில் எரியுது, ரிங்கு தேய்ஞ்சிருக்கு. மாட்டுச் சாணியைப் பார்த்து வயித்துக் கோளாறு சொல்றோம் இல்லையா, அது மாதிரிதான்.

இப்ப மாப்பிள்ளை பேச்சுக்கு வர்றேன்.

டெல்லியில பத்து வருசம் தாண்டின டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லுச்சு, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. அது டெல்லிக்கும் அதைச் சுத்தின பகுதிக்கும். நம்ம ஊர்ல சொந்தக் காருக்கு 15 வருசம் ஆர்.சி., அப்புறம் அஞ்சஞ்சு வருசமா நீட்டிக்கலாம். நான் 2018-ல் நீட்டிச்சப்ப அதுக்குக் கட்டணம் 600 ரூபாய். 2023-ல் அதே வேலைக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி இருபது வருசம் தாண்டின காருக்கு 10,000. ஆக 2028-ல் நான் பத்தாயிரம் கட்டணும். இதுல பசுமை வரி தனி.

கட்டறேன், அதுல ஒண்ணும் இல்லை. ஆனா 2023-ல் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

ஆர்.சி. நீட்டிக்க புகைச் சான்றிதழ் வேணும். ஒரு மையத்துக்குப் போனேன். பேர் வேண்டாம். உள்ளே இருந்த தம்பி வெளியே வந்து, நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார். உள்ளே போனார். அஞ்சு நிமிசத்துல காகிதம் வந்துச்சு. அதுல ஒரு எண்ணும் அச்சாகி இருந்துச்சு. புகைக்குழாய்ல விடற கம்பி சுவத்துல ஆணியில தொங்குது, அதுல ஒட்டடை.

"தம்பி, கம்பியை விட்டுப் பார்க்கலையே?"

"அண்ணா, அதெல்லாம் எதுக்குங்? பாஸ் ஆயிருச்சு, எடுத்துட்டுப் போங்க."

"இல்ல தம்பி, என் வண்டி எவ்வளவு புகை விடுதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெஷின் ரிப்பேர்னு சொன்னார். எனக்குப் பின்னாடி ஒரு மினி லாரி வந்து நின்னுச்சு. நின்ன இடத்துல இருந்தே கறுப்பா கக்குது. அதுக்கும் போட்டோ, அதுக்கும் காகிதம். அதுவும் பாஸ்.

நான் விடலை. அங்க இருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மையம். அங்க இருந்த பெரியவர் ஒழுங்கா செஞ்சார். இன்ஜின் சூடாகிற வரைக்கும் ஓட விட்டு, நியூட்ரல்ல வச்சு, கம்பியைக் குழாய்ல விட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கச் சொன்னார். விட்டு விட்டு நாலு தடவை. என் வண்டி மாதிரி பழைய டீசலுக்கு சட்டம் வச்சிருக்கிற வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பி.எஸ். 4 வண்டிக்கு 50. என் வண்டிக்கு வந்தது 38. இருபது வயசு இன்ஜின், பி.எஸ். 4 வண்டிக்கு வச்ச கோட்டுக்கும் உள்ளே நிக்குது. அந்தக் காகிதத்தை சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்.

இதுதான் என் கோபம். அளக்க ஒரு கோல் இருக்கு. சட்டத்துல இருக்கு, எண் இருக்கு, மெஷின் இருக்கு. அந்தக் கோலை ஆணியில மாட்டிட்டு, வயசை மட்டும் எண்ணறாங்க. ஏன்னா வயசை எண்ணறது சுலபம். ஆர்.சி. புக்கைப் பார்த்தாப் போதும், வெயில்ல வந்து குனிஞ்சு கம்பி விட வேண்டியதில்லை. ஒட்டடை பிடிச்ச கம்பியை வச்சுக்கிட்டு காத்தைக் காப்பாத்தறோம்னு சொன்னா யார் நம்புவா?

மாப்பிள்ளை சொன்னதுல நியாயமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. மறைக்க மாட்டேன். பி.எஸ். 2 விதிப்படி டீசல் கார் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் வரைக்கும் கரித்தூள் விடலாம். என் வண்டி அதுக்கும் முந்தின விதியில வந்தது. பி.எஸ். 6-ல் வரம்பு 4.5 மில்லிகிராம். பரிசோதனைக் கூடத்து வரம்புதான், இருந்தாலும் நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் வருசத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டறான், 112 கிராம். நான் 7,000 ஓட்டறேன், 80-ன்னு வச்சாலே 560 கிராம். அஞ்சு மடங்கு. அவன் மூணரை மடங்கு தூரம் ஓட்டியும் நான்தான் தோத்தேன். புது வண்டியில கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கு, எனக்கு இல்லை. ஒத்துக்கறேன்.

ஆனா இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. வண்டியை ஒழுங்கா வச்சிருந்தாத்தான் அந்த 4.5. அந்த வடிகட்டி சுத்தமாக இன்ஜின் நல்லா சூடாகி, நெடுஞ்சாலையில கொஞ்ச நேரம் ஓடணும். டவுனுக்குள்ள மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர்னு ஓட்டினா அடைச்சுக்கும். அடைச்சா என்ன பண்றாங்க? மாத்த செலவாகும்னு, உள்ளே இருக்கிறதை வெட்டி எடுத்துட்டு வெறும் கூட்டை மாட்டறாங்க. இ.ஜி.ஆர். வால்வுக்குத் தகடு வச்சு அடைக்கிறாங்க. கூடுதல் இழுவை வேணும்னு ரீமேப் பண்ணிட்டு கரும்புகை விடறதை வீடியோ எடுத்துப் போடறாங்க. இதெல்லாம் செய்யறது கிராமத்தான் இல்லை, நம்ம நகரத்துப் பசங்கதான். அந்த வண்டிக்கு வயசு மூணு. வயசை மட்டும் எண்ணற சட்டம் அதுக்கு சலாம் போட்டு அனுப்பும். என் வண்டியைப் புடிச்சு நசுக்கும்.

எங்க ஆளுகளையும் விட மாட்டேன். பம்ப் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டி விட்டு, பாரம் இழுக்குதுன்னு மீசையை முறுக்கற டிரைவர் எத்தனை பேர்? ஏர் பில்டர்ல ஓட்டை போட்டு "காத்து நல்லா போகுது"ன்னு சொல்ற மேஸ்திரி எத்தனை பேர்? புகையை வீரம்னு நினைக்கிற வரைக்கும், நகரத்துக்காரன் நம்மளைத் திட்டறதுல தப்பே இல்லை. பழைய வண்டி வச்சிருக்க உரிமை கேட்கிறவன், அதைச் சுத்தமா வச்சிருக்கிற கடமையையும் ஏத்துக்கணும். அது முடியலைன்னா எடைக்குப் போட்டுடுங்க. நானே வந்து தள்ளி விடறேன்.

"புதுசு வாங்குங்க மாமா, லோன் கிடைக்கும்"னும் மாப்பிள்ளை சொன்னான். முருங்கைக்காய் கிலோ நூறைத் தாண்டின வருசமும் உண்டு. அஞ்சு ரூபாய்க்குக் கேட்டு, பறிப்புக் கூலிக்குக் கட்டாம மரத்துலயே விட்ட வருசமும் உண்டு. மாசம் பொறந்தா சம்பளம் வர்றவனுக்குத்தான் மாசத் தவணை. சின்ன டீசல் காரே இப்ப வாங்கறது சிரமம். மாருதி 2020 ஏப்ரலோட டீசலை விட்டுருச்சு. இண்டிகாவும் 2018-ல் நின்னு போச்சு. கரண்டு வண்டி வரட்டும், என் விலைக்கு வந்தா முதல் ஆளா நான் வாங்குவேன், எனக்கொண்ணும் புகை மேல ஆசை இல்லை. அது வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வண்டி வேணும்.

ஏன் வேணும்னும் சொல்லிடறேன். மூணு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மழையில, ராத்திரி பதினொன்றரைக்குப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவைக் கண்ணாடி விரியன் கடிச்சுருச்சு. 108-க்குப் போன் போட்டோம். உடனே கிளம்பிட்டாங்க. ஆனா எங்க இட்டேரி சேறு, பெரிய வண்டி உள்ளே வந்தா திரும்ப முடியாது. என் வண்டியில அவங்களைப் படுக்க வச்சேன். மழைக் குளிர். சாவியைத் திருப்பி அந்தச் சுருள் விளக்கு அணையறதுக்காகப் பொறுத்திருந்த அந்தச் சில நொடி எனக்கு இப்பவும் மறக்காது. விளக்கு அணைஞ்சுது, ஒரே அடியில எடுத்துச்சு. அதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் நாலு ஹீட்டர் பிளக்கையும் மாத்தியிருந்தேன். மெயின் ரோட்டுல ஆம்புலன்ஸ் நின்னுச்சு, ஏத்தி விட்டோம். அந்தம்மா இன்னைக்கும் காலையில எங்க வீட்டைத் தாண்டித்தான் ஆடு ஓட்டிட்டுப் போறாங்க.

இருபது வருசத்து வண்டியை நசுக்கணும்னு சொல்லும்போது, அந்த வண்டி எங்க நிக்குது, யாருக்காக நிக்குதுன்னு ஒரு நிமிசம் யோசிங்க. சொந்தக் கார் விசயத்துல மத்திய அரசோட பழைய வண்டிக் கொள்கையே, தகுதி பார்த்துத் தேறலைன்னாத்தான் கழிக்கணும்னு சொல்லுது. அந்தத் தகுதியை உண்மையா பாருங்கன்னுதான் நான் கேட்கிறேன்.

நான் கேட்கிறது நாலே நாலு. ஒண்ணு, கம்பி விடாம சான்றிதழ் கொடுக்கிற மையத்துக்குப் பூட்டுப் போடுங்க. ரெண்டு, மூணு வயசு வண்டியையும் முப்பது வயசு வண்டியையும் அதே கம்பியில அளங்க. மூணு, கட்டணத்தைப் புகைக்குத் தகுந்த மாதிரி வைங்க. 38-க்கு ஒரு கட்டணம், 60-க்கு ஒரு கட்டணம். அப்பத்தான் நாசில் பார்க்க ஆள் வருவான். 65-ஐத் தாண்டினா ரோட்டுல விடாதீங்க, அது என் வண்டியா இருந்தாலும் சரி. நாலு, நாசில் பட்டறை, பம்ப் பட்டறை வச்சிருக்கிற மேஸ்திரிகளுக்கு ஒரு வழி பண்ணுங்க. எங்க மேஸ்திரிக்கு அறுபத்தெட்டு வயசு. அவர் மகன் செல்போன் கடை வச்சிருக்கான். அவருக்கப்புறம் இந்தப் பக்கம் நாசில் அடிச்சுப் பார்க்க ஆள் இல்லை. அவர் கடையைச் சாத்தற அன்னைக்கு எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை, பழைய வண்டியெல்லாம் தானா புகைய ஆரம்பிச்சுடும்.

மாப்பிள்ளை இதைப் படிப்பான்னு தெரியும். மாப்ள, கோவிச்சுக்காதே. அடுத்த தடவை வரும்போது உன் வண்டியையும் எடுத்துட்டு வா. ரெண்டையும் அந்தப் பெரியவர்கிட்ட கொண்டு போய்க் கம்பி விட்டுப் பார்ப்போம். உன்னுது குறைவாத்தான் வரும், வரணும். எவ்வளவு வருதுன்னு உனக்கும் தெரிஞ்சா நல்லதுதானே. டீசல் செலவு என்னுது, சாப்பாடு உங்க அத்தை பொறுப்பு.

வர்ற வெள்ளிக்கிழமை வண்டிக்கு ஆயிலும் கூலன்ட்டும் மாத்தற நாள். நோட்டுல எழுதியிருக்கு. மழை இல்லைன்னா வேப்பமரத்தடியில நானே மாத்திடுவேன். பழைய ஆயிலைக் கீழே கொட்ட மாட்டேன், கேன்ல பிடிச்சு வச்சு பட்டறையில கொடுத்துடுவேன். அடுத்த பதிவுல செடி முருங்கைக்குக் கவாத்து பண்றதைப் பத்திப் பார்ப்போமுங்க.